படைவரலாற்றில் மலையகத்தின் இடம்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டும் வழக்கம் தமிழரிடையே மிகத் தொன்மையானது. தொல்காப்பியப் புறத்திணையியல், கல்லைத் தேர்ந்து காண்டல் தொடங்கி வாழ்த்தல் ஈறாக அதன் ஆறு நிலைகளைத் தொகுத்துரைக்கின்றது. தமிழகத்தின் செங்கம், தருமபுரிப் பகுதிகளிற் கிடைத்த நடுகற்களுட் பல, மாமன்னரின் வெற்றியை அன்றி, ஊர் ஆநிரையை மீட்கப் பொருது மாண்ட எளிய மறவனின் பெயரையே தாங்கி நிற்பன. படைவரலாற்று நூலும் இராணுவ நூதனசாலையும் இக்காலத்து நடுகற்கள் எனலாம். அவற்றில் எவர் பெயர் பொறிக்கப்படுகின்றது, எவர் பெயர் விடுபடுகின்றது என்பது ஆராயற்பாலது.

இலங்கையின் படைவரலாறு கடந்த சில பத்தாண்டுகளில் மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. 1949இல் அமைந்த இலங்கை இராணுவம் தன் பொன்விழாவையொட்டி 1999இல் விரிவான வரலாற்று நூலொன்றை வெளியிட்டது. கொக்கோஸ் தீவில் 1942 மே மாதத்தில் இலங்கைப் பீரங்கிப் படையினர் நிகழ்த்திய கலகம் பற்றி நொயல் குரூஸ் எழுதிய ஆங்கில நூல் 2001இல் வெளிவந்தது. கிரேஷன் பெர்னாண்டோவும் இரு தோழரும் தூக்கிலிடப்பட்ட அச்செய்தி நெடுங்காலம் பலரும் அறியாதிருந்த ஒன்றாதலின், அந்நூலின் வருகை பயனுடையதே. திருகோணமலை ஓர்ஸ்ஹில் நூதனசாலை முதலியவற்றில் ஆயுதங்களும் போர்க்கருவிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இவற்றை ஒருசேர நோக்குவோர்க்கு, போர் என்பது துப்பாக்கி ஏந்தியவர்க்கு மட்டுமே நேர்ந்த ஒன்று என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே.

மலையகத்தைப் பொறுத்தவரை, இந்நூல்கள் எடுத்துரைக்கும் படை ஒன்று உண்டு. 1900ஆம் ஆண்டு கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையே அது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமார் மட்டுமே அதிற் சேரலாம். தென்னாபிரிக்கப் போருக்கு அதன் பிரிவொன்று அனுப்பப்பட்டது. 1914 ஒக்டோபரில் மேஜர் ஹோல் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் ஏனைய 229 பேரும் எகிப்துக்குக் கப்பலேறினர். அவர்கள் சுயஸ் கால்வாய்ப் பாதுகாப்பில் ஈடுபட்டனர். பின்னர் கலிப்பொலியில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதியான பேர்ட்வூட்டின் காவலராயினர். இப்படை வெளிநாட்டில் மட்டும் துப்பாக்கி ஏந்தவில்லை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்குவதற்கெனப் படைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, உள்நாட்டு மக்களுக்கு எதிராகவும் தோட்டத்துரைமார் பயன்படுத்தப்பட்டனர். கலிப்பொலியைச் சிறப்பித்துப் பேசுவோர் இதனை விரைந்து கடந்து விடுவது வழக்கம்.

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை, மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பிரியும் சந்தியே நோர்வூட். அண்மையில், காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிய மேட்டில், 1878இல் எழுந்த வார்லி தேவாலயம் நிற்கின்றது. அதன் வளவில் துரைமார் பலரின் கல்லறைகளில் பெயரும் ஆண்டும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதே தோட்டங்களில் தேயிலைக்கு உரமாகிப் போனோரின் புதைகுழிகளிற் பெரும்பாலானவற்றுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. எழுத்தும் கல்லும் எவர் வசம் இருந்தனவோ அவர் வரலாறே எஞ்சியது.

ஆயின் போர் லயங்களுக்கு வராமலில்லை. அது வேறு உருவில் வந்தது. முதல் உலகப் போரின் முடிவையொட்டி இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, 1919, 1920ஆம் ஆண்டுகளில் இலங்கை கடும் அரிசித் தட்டுப்பாட்டுக்கு ஆளாயிற்று. தோட்டத்தில் அரிசி என்பது கடைச்சரக்கு மட்டுமன்று. கூலிக்கணக்கோடு பின்னிப் பிணைந்தது. ஆதலின் அரிசி விலை ஏறிய ஒவ்வொரு முறையும் தொழிலாளியின் கடன் ஏறிற்று.

இரண்டாம் உலகப் போரின் தாக்கம் இதனினும் ஆழமானது. 1939 ஓகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. அடுத்த மாதமே போர் மூண்டது. பண்டங்களின் விலை ஏறக் கூலி உயர்வுக் கோரிக்கைகளும் எழுந்தன. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். போர்க்காலத்தில் மலைநாட்டு மண்ணில் குண்டுபட்டு விழுந்த அவர் எந்தப் படைப்பட்டியலிலும் இடம்பெறார்.

1942 மார்ச் 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. உண்ணும் அரிசியிற் பெரும் பங்கை இறக்குமதி செய்து, அதிலும் பர்மாவையே பெரிதும் நம்பியிருந்த இலங்கைக்கு இஃது ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மேல் விழுந்த யப்பானியக் குண்டுகளினும் பேரிடியாயிற்று எனின் மிகையாகாது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கூப்பன் புத்தகம் வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. மலையகத்தின் அடையாள உணவாக இன்று கருதப்படும் ரொட்டி, லயத்து அடுப்பில் நிலைபெற்றது பெரும்பாலும் இப்போர்க்காலப் பங்கீட்டின் விளைவாகவே. அதிகாலைக் குளிரிற் கொழுந்து பறிக்கப் புறப்படும் பெண், தேங்காய்ச் சம்பலோடு மடித்தெடுத்துச் செல்லும் அந்த ரொட்டி பர்மாப் போரின் எச்சம் என்பதை எந்தப் படைவரலாறும் குறித்ததாகத் தெரியவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது மலாயாத் தோட்டத் தமிழரின் கதை. யப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளருள் தமிழர் பல்லாயிரவர். அப்பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கோ தனிக் கல்லறை இல்லை. அவர் துயரை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் பேசிற்று. 2023இல் காஞ்சனபுரியில் அவர்களுக்கென ஒரு நடுகல் எழுந்தது. எண்பது ஆண்டு கழிந்தே எனினும், கல் எழுந்தது.

மலையகத்தில் 1949ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளைக் கண்டது. தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை அவ்வாண்டு கலைக்கப்பட்டது. முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரின் வாக்குரிமையும் அதே ஆண்டிற் பறிபோயிற்று. முன்னது படைவரலாற்று நூல்களில் இடம்பெறும். பின்னது அரசியல் வரலாற்றுக்கு ஒதுக்கப்படும். இப்பாகுபாடு பொருத்தமற்றது. போர்க்காலம் முழுவதும் பிரித்தானியப் பேரரசின் தேயிலைத் தேவையை நிறைவேற்றிய உழைப்பு, போர் முயற்சியின் பகுதியே அன்றோ?

கண்டி அந்தானைத் தேயிலை நூதனசாலையில் பழைய இயந்திரங்கள் செம்மையாகப் பேணப்படுகின்றன. 2007இல் புசல்லாவைப் பகுதியின் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தோன்றிய தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, பழைய லயத்தையே காட்சிக்கூடமாக்கித் தொழிலாளரின் வாழ்க்கைப் பொருள்களைத் தொகுத்துள்ளது. போர்க்காலக் கூப்பன் புத்தகமும் பங்கீட்டு அரிசி அளந்த கொத்தும் ரொட்டிக்கல்லும் அத்தகைய இடத்திலேயே சேரவேண்டியவை. பங்கீட்டுமுறை 1979இல் உணவு முத்திரைகளுக்கு இடம்விட்டு மறைந்தது. புத்தகங்களும் பெட்டிகளின் அடியிற் கரையான் அரித்தோ, அடுப்பேறியோ அழிந்து வருகின்றன. வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவோர்க்கு அவகாசம் இன்னும் குறைவு. இரங்கூன் வீழ்ந்த ஆண்டிற் பத்து வயதினராய் இருந்தோர் இன்று தொண்ணூற்றைக் கடந்துவிட்டனர்.