சிறையில் ஒலித்த பாட்டு

அமெரிக்க நாட்டின் ‘கண்ட்ரி’ இசையிலே புகழ்பெற்ற பாடகர் ஜானி காஷ். அவர் 1968 ஜனவரி 13-ஆம் நாள் கலிபோர்னியாவின் ஃபால்சம் சிறைச்சாலைக்குச் சென்று, உணவுக்கூடத்தில் திரண்டிருந்த கைதிகள் முன்னிலையில் இரு முறை பாடினார். அவ்வொலிப்பதிவே அவ்வாண்டில் இசைத்தட்டாக வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது.

காஷ் சிறைத்தண்டனை அனுபவித்தவர் அல்லர். விமானப்படை வீரராக ஜெர்மனியில் இருந்தபோது, அச்சிறையைப் பற்றிய திரைப்படம் ஒன்றைக் கண்டு பாட்டொன்று புனைந்தார். 1955-இல் வெளிவந்த அப்பாட்டைக் கேட்ட கைதிகள், தங்களிடம் வந்து பாடுமாறு அவருக்குக் கடிதங்கள் எழுதினர்.

அன்று அவர் இறுதியாகப் பாடியது, கொள்ளைக் குற்றத்திற்காக அங்கே அடைபட்டிருந்த க்ளென் ஷெர்லி இயற்றிய பாட்டு. சிறைக்குள் இருந்த தேவாலயத்தைப் பற்றியது அது. பாதிரியார் ஒருவர் கொணர்ந்த ஒலிநாடாவைக் கேட்டு, முதல்நாள் இரவே காஷ் அதனைக் கற்றிருந்தார். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஷெர்லியோ இதனை அறியார். தம் பாட்டைப் பிறர் பாடக் கேட்ட அக்கணத்தில் அவர் வெறும் கைதி அல்லர், கவிஞர்.

1971-இல் விடுதலையான ஷெர்லியைக் காஷ் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். மறு ஆண்டு, சிறைச் சீர்திருத்தம் வேண்டி இருவரும் செனட் துணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். ஆயினும் வெளியுலக வாழ்வு ஷெர்லிக்குப் பொருந்தவில்லை. குழுவினின்று நீக்கப்பட்ட அவர், 1978-இல் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டார்.

பாட்டு ஒருவனுக்குச் சிறைக்கதவைத் திறந்துவிடக்கூடும். திறந்த கதவுக்கு அப்பால் அவன் காலூன்றி வாழ, கைதட்டல் ஓய்ந்த பின்னும் நீடிக்கும் துணை வேண்டும்.