ஆற்றை வினவிய பாடலாசிரியர்: பூபேன் ஹசாரிகாவின் பாட்டும் படமும்

பூபேன் ஹசாரிகாவைப் (1926–2011) பற்றி எழுதுவோர் அவரைப் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், திரைப்பட இயக்குநர், ஆவணப்பட இயக்குநர், சட்டமன்ற உறுப்பினர் எனப் பல கூறுகளாகப் பிரித்துப் பட்டியலிடுவது வழக்கம். அப்பட்டியல் பிழையன்று, ஆயினும் பயன் குறைந்தது. ஒரு மொழியில் பிறந்த பாட்டு அம்மொழி அறியாதவரிடம் எவ்வாறு சென்று சேர்கிறது என்னும் வினாவை முன்வைத்து நோக்கினால், அவர் பாட்டிலிருந்து ஆவணப்படத்துக்குச் சென்ற பாதை தெளிவாகப் புலப்படுகிறது. அப்பாதையையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அசாமின் கீழ்க்கோடியில், லோகித் முதலான ஆறுகள் ஒன்றுகூடும் இடத்துக்கு அருகில் உள்ள சதியாவில் ஹசாரிகா பிறந்தார். அசாமியம் பேசும் சமவெளி முடிந்து, மிஷ்மி, ஆதி முதலிய திபெத்திய-பர்மியக் குடும்ப மொழிகள் தொடங்கும் எல்லை அது. 1939இல் ஜோதிபிரசாத் அகர்வாலாவின் ‘இந்திரமாலதி’ திரைப்படத்தில் சிறுவனாகத் தோன்றிப் பாடினார். பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1952இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப்பொருள் இசையன்று, இந்தியாவில் முதியோர் கல்விக்கு ஒலி, ஒளிக் கருவிகளைப் பயன்படுத்துதல். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் எதனைக் கொண்டு பேசுவது என்பதே அன்றைய அவர் சிந்தனை. ஆவணப்படத்துக்கான வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம். அவர் அமெரிக்காவில் இருந்தபோதுதான், 1950 ஆகஸ்டு 15 அன்று நிகழ்ந்த பெருநிலநடுக்கம் பழைய சதியா நகரை அழித்தது.

நியூயார்க்கில் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனோடு ஏற்பட்ட தொடர்பு பலரும் அறிந்தது. ரோப்சன் புகழ்பெறச் செய்த ‘ஓல் மேன் ரிவர்’ பாடல் 1927இல் ‘ஷோ போட்’ இசைநாடகத்துக்காக ஆஸ்கர் ஹேமர்ஸ்டீன் எழுதியது. அதன் தாக்கத்தில் ஹசாரிகா அசாமியத்தில் ‘பிஸ்தீர்ண பாரரே’ என்னும் பாடலைப் படைத்தார். இதனை மொழிபெயர்ப்பு என்பாரும் தழுவல் என்பாரும் உளர். எனக்கு இரண்டும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஆங்கிலப் பாடலில் ஆறு எதனையும் பொருட்படுத்தாது ஓடிக்கொண்டிருக்கிறது; பாடுவோன் அதனை வருணிக்கிறான். அசாமியப் பாடலிலோ பாடுவோன் ஆற்றை முன்னிலைப்படுத்தி, இத்துணை அநீதியைக் கண்டும் ஏன் ஓடுகிறாய் என்று வினவுகிறான். சொற்கள் மட்டுமல்ல, பேச்சின் வகையே மாறிவிட்டது; கூற்று வினாவாயிற்று. ரோப்சனும் தம் மேடைகளில் அப்பாடலின் சொற்களை மாற்றி, சலிப்பின் இடத்தில் போராட்ட உறுதியை வைத்துப் பாடியவர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அசாமியப் பாடலின் ஆறு லூயித், அதாவது பிரம்மபுத்திரா. இந்திய ஆறுகளுள் ஆணாகக் கருதப்படும் மிகச் சிலவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தின் கிழவன் அசாமியத்திலும் கிழவனாகவே அமைந்தது மொழிபெயர்ப்பாளர் எவர்க்கும் எளிதில் வாய்க்காத பேறு. ஆனால், பாடல் மேற்கு நோக்கிச் சென்றபோது அப்பேறு நிலைக்கவில்லை. சிவதாஸ் பந்தோபாத்யாயின் வங்க வடிவிலும், பண்டித நரேந்திர சர்மாவின் இந்தி வடிவிலும் லூயித் கங்கையாயிற்று. கிழவன் மறைந்து அன்னை வந்தாள். இந்தியில் வினைமுற்றும் பெண்பால் விகுதி ஏற்றாக வேண்டும். வங்க வினைக்கோ பால் காட்டும் விகுதி இல்லை. இலக்கண அளவில் கிழவனை அங்கே இருத்தியிருக்கலாம். எனவே, இம்மாற்றத்தைத் தூண்டியது இலக்கணம் அன்று, கேட்போர் உள்ளத்தில் கங்கைக்கு உள்ள இடமே என்பது பெறப்படுகிறது. கிழவனைக் கடிந்து வினவுவதும் அன்னையை நோக்கி வினவுவதும் ஒன்றல்ல. இந்தி வடிவில் குறை சொல்லும் குரலோடு முறையிடும் குரலும் கலந்திருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. (தமிழில் பெயர்ப்போர்க்கு முன்னிலை வினை தடையாகாது, ‘ஓடுகிறாய்’ இருபாற்கும் பொது. ஆனால், காவிரியையும் வைகையையும் பெண்ணாகவே கண்டு பழகிய செவிக்கு ஆற்றைக் ‘கிழவா’ என விளிப்பது அயலாகவே ஒலிக்கும்.)

பாட்டை மொழிபெயர்க்காமலே மொழி எல்லையைக் கடக்கச் செய்த முயற்சியும் உண்டு. 1960இல் அசாமிய ஆட்சிமொழிச் சட்டத்தை ஒட்டி அசாமியர்க்கும் வங்காளியர்க்கும் இடையே கலவரம் மூண்டது. சில்ஹட் பகுதியில் பிறந்த வங்கக் கவிஞர் ஹேமாங்க பிஸ்வாசும் ஹசாரிகாவும் ஒரு கலைக்குழுவோடு கலவரப் பகுதிகளுக்குச் சென்றனர். அவர்கள் பாடிய பாடல்களுள் ஹாராதன், ரங்மன் என்னும் இரு உழவர்களின் உரையாடல் ஒன்று. ஒருவன் வங்கத்திலும் மற்றவன் அசாமியத்திலும் பாடுவர். எவரும் எவர்க்கும் மொழிபெயர்ப்பதில்லை. கேட்போர்க்கு இரண்டும் விளங்கும். மறு ஆண்டு மே 19 அன்று சில்சரில் வங்கமொழிக்காகப் போராடிய பதினொருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். அப்பாடல் பகையை நிறுத்திவிடவில்லை.

இம்முறை நெருங்கிய உறவுடைய மொழிகளுக்கே பொருந்தும் என்பது வெளிப்படை. மலைமக்களின் மொழிகள் வேறு குடும்பத்தன. ‘எரா பாடர் சுர்’ (1956) தொடங்கி ஹசாரிகா இயக்கிய கதைப்படங்களை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ‘பிரதித்வனி’ (1964) மட்டும், ஆஸ்திரோ-ஆசிய மொழி பேசும் காஸி மக்களிடையே வழங்கும் மாணிக் ராய்த்தொங் கதையை எடுத்துக்கொண்டமையால் குறிப்பிடத்தக்கது. அவர் நோக்கு மலைப்பக்கம் திரும்பியதற்கு அதுவே சான்று.

1972இல் வடகிழக்கு எல்லைப்புற முகமை, அருணாசலப் பிரதேசம் என்னும் ஒன்றியப் பகுதியாயிற்று. அதுவரை அங்குப் பள்ளிகளில் பயிற்றுமொழியாக இருந்த அசாமியம் விலக்கப்பட்டு ஆங்கிலம் வந்தது, இந்தியும் பரவலாயிற்று. பல்வேறு குடிகளிடையே பொதுமொழியாக வழங்கிய, அசாமியத்தை அடியாகக் கொண்ட நெஃபாமிய மொழியும் மெல்லத் தேய்ந்தது. இச்சூழலில்தான், 1974இல், அருணாசல அரசுக்காக அம்மக்களின் பாடல்கள், ஆடல்கள் பற்றிய ஆவணப்படத்தை ஹசாரிகா இயக்கினார். அவர் தாய்மொழி பின்வாங்கிக்கொண்டிருந்த நிலத்துக்கு, அம்மொழியின் தலைசிறந்த பாடலாசிரியரே பாடலை விடுத்துப் படக்கருவியோடு சென்றார். பின்னர் அங்கு அவர் எடுத்த ‘மேரா தரம் மேரி மா’ என்னும் கதைப்படத்தின் மொழி இந்தி.

ஆவணப்படத்தின் தலைப்பு ‘ஃபார் ஹூம் தி சன் ஷைன்ஸ்’. ஆங்கிலத்தில் இது ஒரு தொடர். வினாவின் சாயலும் உண்டு. தமிழாக்குவோர் ‘கதிரவன் யாருக்காக ஒளிர்கிறான்’ என வினாவாக்கலாம். ‘கதிரவன் எவர்க்காக ஒளிர்கிறானோ அவர்கள்’ எனப் பெயராக்கலாம். இரண்டையும் ஒருங்கே காக்க இயலாது. ‘ஒளிர்கிறான்’ என்றவுடன் இன்னொரு பிழையும் நேர்கிறது. ஆதி உள்ளிட்ட தானிக் குடியினர் வழிபடும் தோன்யி-போலோ இணையில் தோன்யியாகிய ஞாயிறு தாய், திங்களே தந்தை. ஆங்கிலத் தொடர் இதனை மறைத்துவிடும். தமிழ் வினைமுற்று நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹசாரிகாவின் படப்பணியை மதிப்பிடுங்கால் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. படம் பாட்டை அதன் சொந்த ஒலியிலேயே வைத்திருக்கிறது. ஆறும் மாறுவதில்லை, பாலும் மாறுவதில்லை. ஆனால், அக்கால அரசு ஆவணப்படங்களின் பொது இயல்பு, திரையில் இல்லாத ஒருவர் பெருமொழி ஒன்றில் விளக்கவுரை கூறுவது. பாடுவோர் நாட்டின் வண்ணமிகு பகுதியாவர். பாடலின் சொற்கள் பின்னணி ஒலியாகும். ஹசாரிகாவின் பாடல்களுக்குச் சிவதாசும் நரேந்திர சர்மாவும், பிற்காலத்தில் குல்சாரும் கிடைத்தனர். அத்தகையதொரு மொழிபெயர்ப்பாளர் வரிசை மலைப்பாடலுக்கு வாய்க்கவில்லை. சிறுமொழிகளைப் படமெடுத்த அனைவர்க்கும் பொதுவான இக்குறையை ஹசாரிகா ஒருவர்மீது சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும், சொல்லின் எடை அறிந்த பாடலாசிரியரிடம் அதனைக் கூடுதலாக எதிர்பார்ப்பது இயல்பே.

சிக்கலின் ஆழத்துக்கு ஆதி மக்களின் ஆபாங் பாடல்கள் ஓர் எடுத்துக்காட்டு. இவற்றைப் பாடுபவர் மிரி எனப்படும் சடங்குப் பாடகர். மொழி மிரி ஆகோம். அன்றாடப் பேச்சுமொழியாகிய ஆதி ஆகோமிலிருந்து அது வேறுபட்டது. ஆதி இளைஞர்க்கும் எளிதில் விளங்குவதில்லை. ஆகவே, ஒலிப்பதிவை எழுத்தில் வடிக்க ஒரு மிரி வேண்டும். அவர் சொல்வதைப் பேச்சு ஆதியில் விளக்க ஒருவர் வேண்டும். அதன் பின்னரே இந்தியோ அசாமியமோ தமிழோ. படத்தில் சில நிமிடமே ஒலிக்கும் பாட்டுக்கு இத்தனை பேர் ஒன்றாக அமர்ந்து பல வாரங்கள் உழைக்க வேண்டியிருக்கும்.