பலெர்மோ உடன்படிக்கையும் சிலைக் கடத்தலும்

பலெர்மோ உடன்படிக்கை என்பது நாடு கடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் வழக்குப் பெயர் ஆகும். இது 2000 நவம்பர் 15 அன்று ஐ.நா. பொதுச் சபையில் ஏற்கப்பட்டு, அடுத்த மாதம் இத்தாலியின் பலெர்மோ நகரில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. 2003 செப்டம்பர் 29 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியா 2002இல் கையொப்பமிட்டு, 2011 மே 5 அன்று ஏற்புறுதி அளித்தது. தமிழகக் கோயில்களிலிருந்து சிலைகள் கடத்தப்படும்போது இவ்வுடன்படிக்கை பிற பன்னாட்டு ஒப்பந்தங்களுடன் சேர்ந்தே செயற்படுகிறது.

பிற ஒப்பந்தங்களுடனான தொடர்பு

இவ்வுடன்படிக்கை ஏற்கனவே உள்ள ஒப்பந்தங்களை நீக்குவதில்லை. அவற்றில் உள்ள இடைவெளிகளை நிரப்புகிறது.

குற்றவாளிகளை ஒப்படைத்தல் (உறுப்பு 16): இவ்வுறுப்பின்கீழ் வரும் குற்றங்கள், உறுப்பு நாடுகளுக்கு இடையே உள்ள ஒப்படைப்பு ஒப்பந்தங்களில் ஏற்கனவே சேர்க்கப்பட்டவையாகக் கருதப்படும். ஒப்பந்தம் இல்லாத நாடுகள் விரும்பினால் இவ்வுடன்படிக்கையையே சட்ட அடிப்படையாகக் கொள்ளலாம்.

பரஸ்பர சட்ட உதவி (உறுப்பு 18): இரு நாடுகளுக்கிடையே தனி ஒப்பந்தம் இருப்பின் அதன் நடைமுறையே பொதுவாகப் பின்பற்றப்படும். இல்லையெனில் இவ்வுறுப்பின் 9 முதல் 29 வரையான பத்திகள் பொருந்தும்.

ஆள் கடத்தல், புலம்பெயர்வோரைக் கடத்தல், சுடுகலன்கள் ஆகியவை குறித்து மூன்று துணை நெறிமுறைகள் உள்ளன. பண்பாட்டுச் சொத்துகளுக்கெனத் தனி நெறிமுறை இல்லை. எனினும், பொதுச் சபையின் ஏற்புத் தீர்மானம் பண்பாட்டு மரபுக்கு எதிரான குற்றங்களையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது.

யுனெஸ்கோ உடன்படிக்கை, 1970

கடத்தப்பட்ட பொருளைத் திரும்பப் பெறுவதற்கான முதன்மை உடன்படிக்கை இதுவாகும். இந்தியா 1977இலும் ஆஸ்திரேலியா 1989இலும் இதில் இணைந்தன. இதன் 7ஆம் உறுப்பின்படி, திருடப்பட்ட பொருள் அது இருந்த நிறுவனத்தின் பட்டியலில் பதிவாகியிருத்தல் வேண்டும். இரு நாடுகளிலும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பின்னர் அது திருடப்பட்டிருத்தலும் வேண்டும். நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்குப் பொருளைக் கேட்கும் நாடு நியாயமான இழப்பீடு தர வேண்டும். சுருங்கக் கூறின், யுனெஸ்கோ உடன்படிக்கை பொருளைத் தேடுகிறது. பலெர்மோ உடன்படிக்கை குற்றக் குழுவைத் தேடுகிறது.

சிறீபுரந்தான் நடராசர்

அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியை, 2008இல் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னர் எடுத்திருந்த புகைப்படங்கள் சிலையை அடையாளம் காண உதவின. 2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் இச்சிலையையும், விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலைச் சேர்ந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலையையும் இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

கபூர் 2011 அக்டோபரில் பிராங்க்பர்ட்டில் கைது செய்யப்பட்டு, 2012 சூலையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். இந்தியாவுக்கும் செருமனிக்கும் இடையே 2001இல் கையொப்பமான ஒப்படைப்பு ஒப்பந்தம் உள்ளது. 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் உடையார்பாளையம் வழக்கில் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஆக, சிலை ஒரு வழியிலும் குற்றம் சாட்டப்பட்டவர் வேறொரு வழியிலும் நாடு திரும்பினர்.

நான்கு ஆண்டு வரம்பு

பலெர்மோ உடன்படிக்கையின்படி, உயர்ந்தபட்சத் தண்டனை குறைந்தது 4 ஆண்டு சிறையாக உள்ள குற்றமே 'கடுங்குற்றம்' ஆகும். மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட குழு அதில் ஈடுபட்டிருத்தலும் வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் அனுமதியற்ற ஏற்றுமதிக்கு விதிக்கும் சிறைத்தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரையே. ஆகவே அவ்வேற்றுமதிக் குற்றம் தனித்து நின்றால் இவ்வரையறையை எட்டாது. திருட்டு, சதி போன்ற பிற குற்றங்களுடன் சேர்த்தே வழக்கை அமைக்க வேண்டியுள்ளது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, வழிபாட்டுத் தலத்தில் சிலை திருடுவதற்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. இது அவ்வரம்பைக் கடக்கிறது.

பிற ஏற்பாடுகள்

திருடப்பட்ட பண்பாட்டுப் பொருட்கள் தொடர்பான 1995ஆம் ஆண்டு யூனிட்ராய்ட் உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. 2024 சூலை 26 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தமொன்றில் கையொப்பமிட்டன.