பெயரறிந்து அழும் உரிமை: ஐதராபாத்தில் உடல் மீட்பும் நினைவேந்தலும்

நடுகல் மரபில் இறந்தவன் பெயருக்குத் தனியிடம் உண்டு. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பெற்ற தமிழ்பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்பானை இன்றும் நமக்கு அறிவிக்கின்றது. பெயரறியா உடலுக்கு நினைவேந்தல் எங்ஙனம் அமையும்? ஐதராபாத்தின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் நக்சலைட்டு இயக்கத்தினர் பலர் மோதலில் இறந்ததாகக் காவல்துறை அறிவித்து வந்தது. பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனவர்களே அவ்வாறு பிணமாகக் காட்டப்பட்டனர் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. தலைமறைவு வாழ்வினர் புனைபெயர் பூண்டிருந்தமையால், பிணவறையில் கிடந்தவரை இன்னாரென உரைக்கப் பெற்றோரே வேண்டியிருந்தனர்.

சட்டமும் பெயரையே சார்ந்திருந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, நடுவர் விசாரணையின்போது உடனிருக்க உறவினர்க்கு இடமளித்தது. ஆயின் பெயரும் முகவரியும் தெரிந்த உறவினர்க்கே, அதுவும் இயலும்வழி மட்டுமே, அறிவிக்கப் பணித்தது. அடையாளம் காணப்படாத உடலுக்கு உறவினரும் இல்லை. அவ்விசாரணையில் அவனுக்காக நிற்பாரும் இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பவே உடல் மீட்பு இயக்கம் தோன்றியது எனலாம். உடல்களைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டுமென முன்னின்று குரல்கொடுத்த மக்கள் பாடகர் கத்தார், 1997 ஏப்ரல் 6 அன்று தம் இல்லத்தில் சுடப்பட்டார். உயிர்பிழைத்து 2023 வரை வாழ்ந்தார். 2002இல் உருவான 'அமருல பந்து மித்ருல சங்கம்' இறந்தோரின் உற்றாரையும் நண்பரையும் ஒன்றிணைத்து அப்பணியைத் தொடர்ந்தது. ஒரு குடும்பத்தின் துயரம் இங்ஙனம் பொதுத் துயரமாயிற்று.

ஆந்திரப் பிரதேசக் குடிமை உரிமைக் குழுவின் முறையீட்டின் மீது தேசிய மனித உரிமை ஆணையம் 1996 நவம்பரில் ஆணை பிறப்பித்தது. மோதல் சாவுகளைப் புலனாய்வு செய்யும் நெறிமுறைகளை 1997 மார்ச்சில் எல்லா மாநிலங்கட்கும் அனுப்பியது. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, இறந்தவரின் எச்சங்களைத் தேடிக் கண்டறிந்து, மதித்து, ஒப்படைப்பதை அரசின் கடமையாக்குகின்றது. 2007இல் கையொப்பமிட்ட இந்தியா அதனை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

இயக்கத்தின் வன்முறையில் மாண்ட காவலர், பொதுமக்கள் ஆகியோரின் குடும்பத் துயரும் இதற்குக் குறைந்ததன்று. இறந்தவன் குற்றவாளியா என்னும் வினா வேறு. அவன் யார் என்னும் வினா வேறு. முன்னதை நீதிமன்றம் ஆராயலாம். பின்னதற்கு விடை கூறும் உரிமை பெற்றோர்க்கு உரியது. அவ்விடை கிடைத்த பின்னரே ஒப்பாரியும் நினைவுக்கல்லும் பொருள் பெறுகின்றன.