டயர் மறைத்த பாரம்

மைசூரின் தேவராஜ மொஹல்லா மாட்டுவண்டிக்கு அளவெடுத்துத் தைத்த பேட்டை. பூர்ணையா வெட்டிய கால்வாயின் பள்ளத்தைத் தூர்த்துச் சயாஜி ராவ் சாலையைப் போட்டபோதும், வைஸ்ராய் டஃபரின் 1886-இல் வந்துபோனதன் நினைவாகச் சின்ன மணிக்கூண்டு எழுந்தபோதும் மோட்டார் வண்டி அந்த ஊரை எட்டிப் பார்த்திருக்கவில்லை. இன்று அதே தெருக்களில், தேவராஜா மார்க்கெட்டுக்கான வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் பூ மூட்டையும் பிக்கப்பிலும் குட்டி யானையிலும்தான் வந்து இறங்குகின்றன. பெரிய லாரி நுழைந்து திரும்ப இடமில்லாத சந்தையில் சின்ன வண்டிக்குக் கிராக்கி கூடும். கிராக்கி கூடிய சின்ன வண்டி பெரிய வண்டியின் வேலையைச் செய்யப் பார்க்கும். அதற்கு முதலில் மாறுவது டயர். ஸ்பிரிங் கம்பெனியில் வந்தது வந்தபடி கிடக்க, டயர் மட்டும் ஒரு படி கூடுதல் பிளைக்கு ஏறும். இதை இந்தத் தலைமுறை டிரைவர்களின் பேராசை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. சக்கரத்தை மட்டும் பலப்படுத்திவிட்டு மேலே பாரம் ஏற்றுகிற வழக்கம் மோட்டாரை விடப் பழையது என்பதுதான் என் வாதம். ஒவ்வொரு முறையும் நாம் பலப்படுத்திய சக்கரம் பாரத்தைக் குறைக்கவில்லை. பாரம் மிஞ்சியதைச் சொல்லும் அடையாளத்தைத்தான் அழித்தது.

கட்டை வண்டிச் சக்கரத்தில் அந்த அடையாளம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதாக இருந்தது. குடத்தில் ஆரக்கால்களை அடித்து இறக்கி, அவற்றின் நுனியில் வட்டைகளைப் பூட்டி, கடைசியில் இரும்புப் பட்டை போடுவார்கள். சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டை சற்றே சின்னதாக இருக்க வேண்டும். வறட்டியை வட்டமாக அடுக்கி மூட்டிய தீயில் அது பழுத்து விரிந்ததும், இடுக்கியால் தூக்கி வட்டையின் மேல் பொருத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவி எழும், பட்டை சுருங்கும், தனித்தனியாக இருந்த மரத்துண்டுகள் எல்லாம் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு ஒரே உடம்பாகும். அந்தச் சக்கரத்தில் முதலில் தோற்பது பட்டை அன்று, அச்சு. பாரம் மிஞ்சினால் இருசு முனகும், சக்கரம் சாயும், தெருவில் தடம் ஆழமாக விழும். எவ்வளவு இலேசான சரக்கும் அளவு மீறினால் அச்சைத்தான் முறிக்கும் என்று வள்ளுவர் மயிலிறகு வண்டியை உவமை காட்டிச் சொன்னதும் சும்மா இல்லை. வண்டியில் எது முதலில் முறியும் என்று ஊருக்கே தெரிந்திருந்த காலம் அது.

அடுத்து வந்தது காற்றடைத்த டயர். டன்லப் 1936-இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் ஆலை திறந்தது. மாட்டுவண்டிக்கென்றே தனி டயரும் சந்தைக்கு வந்தது. தமிழில் அதற்கு ‘டயர் வண்டி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இரும்புப் பட்டை சாலையை அறுக்கிறது என்று மராமத்துக்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில் ரப்பர் சக்கரம் அவர்களுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் மாட்டுக்கு? இதற்கான விடை 1965-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிகளில் எண்களாகவே இருக்கிறது. 200 முதல் 350 கிலோ வரை எடையுள்ள நடுத்தர மாடு ஒன்று இழுக்கும் இருசக்கர வண்டியில், காற்று டயர் இல்லையென்றால் 700 கிலோ ஏற்றலாம். டயர் இருந்தால் 1,050. பால் பேரிங் இருந்தால் 1,400. மாடு அதே மாடு. அதன் கழுத்தும் நுகத்தடியும் அவைதான். டயர் மாட்டிய கணமே அதன் பாரம் ஒன்றரை மடங்கு ஆனது. இந்தப் பட்டியலில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. டயருக்குக் கிடைத்த சலுகை பாதி; அச்சில் உருளும் பேரிங்குக்குக் கிடைத்தது முழுசாக ஒரு மடங்கு. விதியை எழுதியவர்கள் சக்கரத்தின் வெளி விளிம்பைவிட அதன் நடுவையே பெரிதாக நினைத்திருக்கிறார்கள்.

இழுவைத் தடை குறைவதால் கூடுதல் பாரம் மாட்டுக்கு வதை ஆகாது என்று ஒருவர் மறுக்கலாம். சமதளத் தார்ச்சாலையில் அது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் உருளும் எதிர்ப்பு மட்டும் பாரத்தின் கணக்கு ஆகாது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது எது, குழியில் இறங்கும்போது நுகத்தடி வழியாகக் கழுத்தில் விழும் அடியைத் தாங்குவது எது என்று கேட்டால், டயரின் பெயர் அங்கே வராது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசாமி மாட்டுவண்டியை ஒரு போக்குவரத்து அமைப்பாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தபோது, நுகத்தையும் அச்சையும் சக்கரத்தையும் சேர்த்தே திருத்த வேண்டும் என்று வாதாடினார். சந்தை அவர் பேச்சில் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

மோட்டார் வண்டிக்கு வந்தால், ‘பிளை’ என்ற சொல்லே ஒரு பழங்கதை. டயரின் உடலில் பருத்தி நூலடுக்குகள் இருந்த நாளில் அது நிஜமான எண்ணிக்கை. நைலானும் எஃகும் வந்தபின் குறைந்த அடுக்கிலேயே அந்த வலிமை கிடைத்தது. எண் மட்டும் தங்கிவிட்டது. 8 பிளை என்று எழுதிய டயரை இன்று அறுத்துப் பார்த்தால் எட்டு அடுக்கு இருக்காது. மைசூருக்கு இந்த மாற்றம் வெளியூர்ச் செய்தி அன்று. கர்நாடக அரசின் பங்கோடு அங்கே வளர்ந்த விக்ராந்த் டயர்ஸ் 1997-இல் ஜே.கே. நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கிருந்து லாரி ரேடியல்கள் நாடெங்கும் போயின. பிளையைவிட நேர்மையானது பக்கச்சுவரில் உள்ள பாரக் குறியீடு. 80 என்றால் ஒரு டயர் 450 கிலோ தாங்கும். 86 என்றால் 530. நான்கு டயரையும் மாற்றினால் காகிதத்தில் 320 கிலோ கூடுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறுவதில்லை. பின் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் பிரேக்குக்கும் இந்த விஷயமே தெரியாது. பழைய டயர் என்றால் அளவு மிஞ்சியதும் அதன் வயிறு பிதுங்கும். தூரத்தில் நிற்கிற கூலியாள்கூடச் சொல்லிவிடுவார். காற்றை ஏற்றி இறுக்கிய கனத்த டயர் பிதுங்காது. உள்ளே ஸ்பிரிங் நிமிர்ந்து, ஆக்சில் மேலேறி ரப்பர் கட்டையை இடித்துக்கொண்டிருக்கும்போதும் வெளியிலிருந்து பார்த்தால் வண்டி கம்பீரமாக நிற்கும்.

‘நான் பாரம் கூட்டவில்லை, பஞ்சருக்குப் பயந்துதான் கனத்த டயர் போட்டேன்’ என்று ஒரு டிரைவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. கல் குத்தும் பாதையில் கெட்டியான பக்கச்சுவர் நன்றாகவே உழைக்கும். அவரும் ஒரு விலை கொடுக்கிறார்: காலி வண்டி குதிக்கும், ஸ்பிரிங்கின் வேலையில் டயர் செய்துவந்த பங்கு குறையும். அந்த விலையைத் தெரிந்து கொடுப்பவரோடு எனக்கு வழக்கில்லை. வழக்கு, டயரைச் சட்டமாக வாசிப்பவரோடு. அந்த வாசிப்புக்குச் சட்டமே கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, டயர்களின் எண்ணிக்கை, தன்மை, அளவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் பாரத்தின் உச்சவரம்பைக் குறிக்கச் சொல்கிறது. ஆனால் அதே வரியில் வண்டியின் தயாரிப்பும் மாடலும் வருகின்றன. குறிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு, டயர் கடைக்கு இல்லை. பணம் கட்டினால் அதிகப் பாரத்துக்கு அட்டை தருகிற வழக்கத்தைச் சில மாநிலங்கள் வைத்திருந்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2018-இல் நான்கு டயர் கொண்ட ஆக்சிலுக்கு 10.2 டன் என்ற வரம்பு 11.5 ஆனதை எடுத்துக்காட்டி, அரசே ஏற்றிவிட்டதே என்பார்கள். ஏற்றியது ஆக்சிலின் எண். கடையில் வாங்கிய ரப்பர் அதை ஏற்றவில்லை.

சத்தியமங்கலத்துப் பூவோ காயோ மைசூருக்கு வர வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். திரும்பும் வண்டி அவற்றில் இறங்க வேண்டும். 1965-ஆம் ஆண்டு விதியில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது: ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம், 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் உயர்கிறது என்றால், அனுமதித்த பாரத்தில் பாதிதான் ஏற்றலாம், டயர் எதுவானாலும். அந்த வரி மாட்டுக்கு மட்டும். பிக்கப்பின் ஆர்.சி. புத்தகத்தில் சமதளத்துக்கும் மலைக்கும் ஒரே எண்தான்.