பின்னிருக்கைக்குத் தாமதமாக வந்த வார்



மகிழுந்தில் நாம் அணியும் இருக்கை வாருக்கு விமானத்துடன் ஓர் உறவு உண்டு. அதனை வடிவமைத்த சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின், முன்பு சாப் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆபத்து வேளையில் விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கைகளை அங்கு உருவாக்கி வந்தார். 1958ஆம் ஆண்டில் வோல்வோ நிறுவனத்தில் சேர்ந்தார்.

அக்காலத்து மகிழுந்துகள் சிலவற்றில் வயிற்றின் குறுக்கே செல்லும் வார் மட்டுமே இருந்தது. மோதலின்போது மேலுடல் முன்னே மடியும். வார் வயிற்றை அழுத்தி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். விமானி எத்தனை வார்களை வேண்டுமானாலும் கட்டிக்கொள்வார். சந்தைக்குச் செல்பவருக்கு அந்தப் பொறுமை இருக்குமா? எனவே, ஒரே கையால் எளிதில் மாட்டக்கூடிய வாரைப் போலின் அமைத்தார். ஒரு பகுதி இடுப்பெலும்பின் மீதும், மற்றொன்று தோளிலிருந்து மார்பின் குறுக்கேயும் சென்று, இடுப்பின் பக்கத்தில் தாழ்வாக இணையும். மோதலின் விசையை வலிய எலும்புகள் ஏற்றுக்கொள்ளும்.

1959இல் இந்த மும்முனை வார் வோல்வோ மகிழுந்துகளில் இடம்பெற்றது. காப்புரிமை தன்னிடம் இருந்தும், பிற நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்த வோல்வோ இடமளித்தது. மாணவர்களுக்கு எடுத்துரைக்கத் தக்க செய்தி இது.

ஆயினும் பழக்கம் எளிதில் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இல் சட்டமியற்றி, உலகிலேயே முதன்முதலாக வார் அணிவதைக் கட்டாயமாக்கியது. நம் மலேசியாவில் ஓட்டுநருக்கும் முன்னிருக்கைப் பயணிக்கும் 1979இல் அச்சட்டம் வந்தது. பின்னிருக்கைக்கோ 2009 ஜனவரி 1ஆம் நாள்தான் வந்தது. இடையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள்! சிறுவர் பாதுகாப்பு இருக்கை 2020இல் கட்டாயமாயிற்று.

இந்த வரிசை எனக்கு உறுத்தலாகவே உள்ளது. நம் பிள்ளைகள் அமர்வது பின்னிருக்கையில்தானே? காலையில் பள்ளி வாயிலில் பார்க்கிறேன். அப்பா வார் அணிந்திருப்பார். பிள்ளை இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும். கேட்டால், “வீடு பக்கத்துலதானே டீச்சர்” என்பார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து மோதி நின்றாலும், வார் அணியாத பிள்ளையின் உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். தாயின் கைகளால் அதனைப் பிடித்து நிறுத்த இயலாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு வார் தோளில் படியாமல் கழுத்தில் உராயும். பிள்ளை அதனை அக்குளுக்குக் கீழே தள்ளிவிடும். அப்பொழுது மேலுடலைச் சரியாகத் தடுக்க ஒன்றுமில்லை. ஏறத்தாழ அந்தப் பழைய வயிற்று வாரின் நிலைதான். உயர்த்தும் இருக்கை, வார் தோளிலும் இடுப்பெலும்பிலும் படியும் அளவுக்குப் பிள்ளையை உயர்த்துகிறது.

2025 ஜூலை 1 முதல், வார் பொருத்தப்பட்ட விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் அதனை அணிய வேண்டும். கல்விச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள், பேருந்துக்கு வாடகை பேசும்போதே ஒவ்வோர் இருக்கையிலும் வார் உள்ளதா, கொக்கி மாட்டுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.