தாடை மூட்டு: ஆறுதல் தேடிய வரலாறு

தொல்காப்பியத்தின் பிறப்பியலை நடத்தும்போதெல்லாம், எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டுவது நம் வழக்கம். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு. பல ஆண்டுகள் எழுதியும், அப்பட்டியலில் தாடைக்கு இடமில்லை என்பது நம் கண்ணில் பட்டதில்லை. அகரமும் ஆகாரமும் வாயை அங்காத்தலால் பிறக்கும் என்று ஆசிரியர் கூறுவதோடு சரி. அங்காக்கும் உறுப்பின் பெயரை அவர் சொல்லவில்லை. செம்மையாக இயங்கும்வரை யாருடைய நினைவுக்கும் வராத உறுப்பு அது. ஒருநாள் முற்பகலில், மாணவர்களுக்கு ‘ஆ’ என்று ஒலித்துக் காட்ட வாய் திறந்தோம். வலக்காதின் முன்னே சொடுக்கு முறிந்தாற்போல் ஓசை எழுந்தது. வாய் பாதியிலேயே நின்றுவிட்டது. அன்றுதான் நமக்குத் தாடை நினைவுக்கு வந்தது.

வலி மாதக்கணக்கில் நீடித்தது. காதுவலி என்று ஒருவரிடமும், ஒற்றைத் தலைவலி என்று இன்னொருவரிடமும் மருந்து வாங்கி உண்டோம். இறுதியில் ஒரு பல்மருத்துவர், கடைவாய்ப் பற்கள் பலவற்றைத் தேய்த்து உறைகள் பொருத்தினால் வலி தீரும் என்றார். தேய்த்த பல் மீண்டும் வளராது. ஒப்புதல் தருவதற்கு முன், இத்தகைய சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பினோம். இலக்கியம் படித்தவர்க்கு எதற்கும் மூலபாடம் தேடும் நோய் உண்டல்லவா! அத்தேடலில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் அம்மூட்டின் அமைப்பு. காதுத் துளைக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அதன் அசைவை உணரலாம். கீழ்த்தாடையின் குமிழ்முனை, மண்டையோட்டின் குழியில் பொருந்துகிறது. இடையே மெத்தைபோல் ஒரு சிறு வட்டு. வாய் திறக்கத் தொடங்குகையில் கீல்போலச் சுழலும் இம்மூட்டு, மேலும் திறக்கையில் முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. ஒரே எலும்பின் இரு முனைகளில் அமைந்திருப்பதால், வலமும் இடமும் சேர்ந்தே இயங்கவேண்டும். மெல்லும்போதும் பேசும்போதும் கொட்டாவி விடும்போதும் இதற்கு ஓய்வில்லை.

இம்மூட்டைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று எகிப்தில் கிடைத்தது. 1862-இல் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருள், ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்தது, அதைவிடப் பழைய நூலொன்றின் படி என்பர். ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் அதை மொழிபெயர்த்து 1930-இல் வெளியிட்டார். அதில் உள்ள 48 நோயாளர் குறிப்புகளில் 25-ஆவது, திறந்த வாய் மூடாதபடி தாடை நழுவிய ஒருவரைப் பற்றியது. மருத்துவர் தம் கட்டைவிரல்களை வாய்க்குள் தாடையின் இரு கிளைகளின்மீதும், மற்ற விரல்களை மோவாய்க்குக் கீழும் வைத்து, நழுவியதைப் பின்னோக்கித் தள்ளவேண்டும் என்கிறது அக்குறிப்பு. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலும் தாடை நழுவலைக் கையால் சரிசெய்யும் முறையை விளக்குகிறது. சுசுருத சங்கிதை, ஒற்றடம் கொடுத்து மூட்டை அமர்த்தியபின் ஐந்து கிளைகளுடைய கட்டினைக் கட்டச் சொல்கிறது. இன்றைய மருத்துவரும் நழுவிய தாடையை ஏறத்தாழ அதே கைவைப்பில்தான் திருப்பி அமர்த்துகிறார்.

ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த நழுவலுக்கான வைத்தியம். வெளியே எதுவும் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் உள்ளே நோகும் தாடைக்கு என்ன செய்வது? தெரியாததைக் காண மருத்துவர்கள் மூட்டின் உள்ளே தேடத் தொடங்கினர். 1887-இல் எடின்பரோ அறுவை மருத்துவர் தாமஸ் அன்னண்டேல், இடம் பெயர்ந்த வட்டைத் தைத்துப் பழைய இடத்தில் நிறுத்திய இரு பெண்களின் சிகிச்சையை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்.

1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களின் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது. அதனால் குமிழ்முனை பின்னே சென்று நரம்புகளை அழுத்துகிறது. காதுவலியும் இரைச்சலும் தலைவலியும் அதனால் வருகின்றன என்பது அவர் கருத்து. கடியின் உயரத்தைக் கூட்டினால் நோய் தணியும் என்றார். நோய்க்கு அவர் பெயரே வந்தது; நோய், பல்மருத்துவரின் கைக்குச் சென்றது. 1948-இல் உடற்கூற்றியலாளர் ஹாரி சிக்கர், காஸ்டன் சொன்ன அழுத்தத்துக்கு உடலமைப்பு இடம் தரவில்லை என்று காட்டினார். அடித்தளம் ஆட்டம் கண்டது. அதன்மேல் எழுந்த கட்டடம் மட்டும் நின்றது. பற்களைத் தேய்ப்பதும் உறையிடுவதும் தொடர்ந்தன. நமக்குச் சொல்லப்பட்ட சிகிச்சையின் மூலபாடம் இதுதான்.

மாற்றுக்குரலும் எழுந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1949-இல் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சையகம் தொடங்கிய லாஸ்லோ ஷ்வார்ட்ஸ், மூட்டையும் கடியையும் விட்டுத் தாடைத் தசைகளைப் பார்க்கச் சொன்னார். 1969-இல் டேனியல் லாஸ்கின், மன இறுக்கத்தால் பல்லைக் கடிப்பதும் அதனால் தசை சோர்வதுமே பலருக்கு வலியின் ஊற்று என்றார். 1976-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 25 நோயாளிகளுக்குப் பற்களைத் தேய்த்துச் சமன்செய்வதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். உண்மையில் கடியை மாற்றவே இல்லை. 16 பேர், வலி முற்றிலும் அல்லது பெரும்பாலும் நீங்கியது என்றார்கள். இதைக் கொண்டு அவர்கள் வலி பொய் என்று முடிவு கட்டுவது பிழை. வலி மெய், பல்லைத் தேய்ப்பதால்தான் அது தீர்கிறது என்ற நம்பிக்கையே ஐயத்துக்குரியது. தானே தணியும் இயல்பும், ஒருவர் அக்கறையோடு கவனிக்கிறார் என்ற ஆறுதலும் சேர்ந்து அங்கே வேலை செய்திருக்கின்றன.

அந்த எச்சரிக்கை போதிய அளவு கேட்கப்படவில்லை. 1970-களின் பிற்பகுதியில் மூட்டுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுக்கும் முறை பரவியது. பெயர்ந்த வட்டு படத்தில் தெரிந்தது. வலியே இல்லாத பலருக்கும் வட்டு பெயர்ந்திருக்கும் என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. அதற்குள் வட்டை அகற்றிச் செயற்கைப் பொருளை வைக்கும் அறுவை பெருகிவிட்டது. ஹூஸ்டன் நகர வைடெக் நிறுவனத்தின் புரோபிளாஸ்ட்–டெஃப்லான் உள்வைப்பு, 1983-இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. மெல்லும் அழுத்தத்தில் அது துகள்துகளாக உதிர்ந்தது. துகள்களை எதிர்த்து உடல் நடத்திய போரில் அருகிலிருந்த எலும்பே அரிக்கப்பட்டது. சிலருக்கு அரிப்பு மண்டையோடு வரை எட்டியது. 1990-இல் நிறுவனம் திவாலானது. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. நிவாரணம் தேடிச் சென்றவர்கள், பெரும்பாலும் பெண்கள், முன்னினும் கொடிய வலியோடு அடுத்தடுத்த அறுவைகளுக்கு ஆளானார்கள்.

அவர்களைப் போன்றவர்களே பின்னர் வரலாற்றைத் திருப்பினார்கள். தாமும் அத்தகைய உள்வைப்பால் துன்புற்ற டெர்ரி கவுலி, 1986-இல் விஸ்கான்சினில் நோயாளிகளுக்கான சங்கம் ஒன்றைத் தோழியுடன் சேர்ந்து தொடங்கியிருந்தார். 1992-இல் அமெரிக்கக் கீழவையின் துணைக்குழு இந்த உள்வைப்புகள் குறித்து விசாரணை நடத்தியது. 1996-இல் அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய எளிய சிகிச்சைகளையே முதலில் நாடவேண்டும் என்றது. அமெரிக்கத் தேசியக் கழகங்களின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை, பல்மருத்துவத்துக்கும் பொதுமருத்துவத்துக்கும் இடையில் இந்நோயாளிகள் கைவிடப்படுவதைச் சுட்டியது. 2023-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட வழிகாட்டுதலை வகுத்த குழுவில் நோயாளிகளும் இருந்தனர். கையால் தாடையை இயக்குதல், இறுகிய தசைமுடிச்சுகளை அழுத்தி விடுதல், மேற்பார்வையோடு கூடிய பயிற்சிகள், வலியோடு வாழும் மனத்தைப் பழக்கும் உளச்சிகிச்சை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் பல்லுறைகளும் வட்டை அகற்றும் அறுவையும் வேண்டாம் என்கிறது. கழற்றி மாட்டும் உறைகளிடம்கூட அது பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. மூட்டு எலும்போடு ஒட்டிப்போதல், கட்டி போன்றவற்றுக்கு அறுவை இன்றும் தேவைதான். ஆனால் அத்தகையோர் சிலரே.

எகிப்திய மருத்துவரின் கைகளிலிருந்து புறப்பட்டு, ஊசி, கத்தி, டெஃப்லான் என்று அலைந்த வைத்தியம் மீண்டும் கைகளிடமே வந்து சேர்ந்திருப்பதைக் கண்டோம். தேய்க்க ஒப்புதல் தரவில்லை. வேறொரு மருத்துவர் நம்மை அமரவைத்து அரைமணி நேரம் பேசவிட்டுக் கேட்டார்; விடைத்தாள் திருத்துகையில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா என்று வினவினார். உண்டு என்பது அந்த வினாடியில்தான் நமக்கே தெரிந்தது. இதழ்கள் சேர்ந்திருக்கலாம், பற்கள் சேரவேண்டியதில்லை என்பது அவர் தந்த முதல் பாடம். வெந்நீர் ஒற்றடம், சில மாதங்களுக்கு மென்மையான உணவு, இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சி ஆகியவை அடுத்து வந்தன.

வலி முற்றும் போய்விட்டது என்று சொல்லமாட்டோம். தேர்வுக் காலங்களில் எட்டிப் பார்க்கிறது, ஓசையும் நிற்கவில்லை. ஆனால் பற்கள் நம்முடையவையாகவே இருக்கின்றன. இப்பருவத்திலும் பிறப்பியல் நடத்தினோம். எட்டு இடங்களையும் எழுதி முடித்தபின், ‘ஆ’ என்று ஒலித்துக் காட்டுமுன் மாணவர்களைத் தத்தம் காதுக்கு முன்னே விரலை வைத்துப் பார்க்கச் சொன்னோம்.